எண்ணெய் ஆலைக்கு எத்தனை லைசென்ஸ்? காங்கேயம் பக்கத்துக் கணக்கு

கேள்வி, 2023 பிப்ரவரி 11

தாராபுரம் ரோட்டில் சின்னதாக ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை போடலாம் என்று இருக்கிறேன். ஃபேக்டரி லைசென்ஸ் ஒன்று எடுத்தால் போதும், மற்றதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். மொத்தம் எத்தனை லைசென்ஸ் வேண்டும்? எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். லைசென்ஸ் ராஜ் 1991-லேயே ஒழிந்துவிட்டது என்று படித்தேனே, பிறகு எதற்கு இத்தனை பேர் இத்தனை சொல்கிறார்கள்?

பதில், 2023 பிப்ரவரி 11, இரவு

பீரோவைத் திறந்து என் எண்ணெய் ஆலையின் ஃபைலை எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று தாள். எண்ணிக்கை மட்டும் போதும் என்றீர்கள், சொல்லிவிட்டேன்.

ஆனால் முதலில் வாங்க வேண்டியதை நான் கடைசியில் வாங்கினேன். பத்தாவதாக வாங்க வேண்டியதை முதலில் வாங்கி, அது வீணாகி, மறுபடி வாங்கினேன். எட்டு மாதத்தில் ஓட வேண்டிய ஆலை இரண்டரை வருடம் கழித்து ஓடியது. கொப்பரைக்கு நல்ல விலை இருந்த ஒரு சீசன் முழுக்க எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லருக்குத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தேன்.

1991 சமாச்சாரம் வேறு. அது 1951-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் டெல்லி கொடுத்த தொழில் உரிமம். யார் எதை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதையே அங்கே தீர்மானித்தார்கள். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ் என்று அதற்குப் பெயர் வைத்தவர் நம் ராஜாஜி. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். சிகரெட், வெடிமருந்து, பாதுகாப்புத் தளவாடம் மாதிரி கொஞ்சம்தான் மிச்சம். நீங்களும் நானும் அலைவது நிலம், கட்டிடம், புகை, கரண்டு, வேலையாள், சாப்பிடும் பொருள், தராசு இவற்றுக்கு. 1991-இல் இவற்றை யாரும் தொடவே இல்லை.

2023 பிப்ரவரி 12

நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் அங்கே ஆரம்பிக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஓர் ஏக்கர் சும்மா கிடந்தது. புன்செய். சொந்த நிலம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பட்டாவை எடுத்துப் பார்த்தால் கூட்டுப் பட்டா. அப்பா, பெரியப்பா, காலமாகிப்போன ஒரு சின்னத் தாத்தா, மூன்று பேர் பெயரும் இருந்தது. நாற்பது வருடமாக நாங்கள்தான் உழுகிறோம், வரப்பு எங்கே என்று எங்கள் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். தாளுக்குத் தெரியவில்லை. உட்பிரிவு செய்ய மனு கொடுத்து, சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, பெரியப்பா வீட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, தனிப்பட்டா வர ஏழு மாதம். இதில் நான்கு மாதம் பெரியப்பா மகன் கோபித்துக்கொண்டிருந்தது. அதற்கு எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் கிடையாது, பழனி போய் மொட்டை போட்டு வந்த அன்று அவனாகவே வந்து கையெழுத்துப் போட்டான்.

அடுத்தது நிலத்தின் உபயோகம். விவசாய நிலத்தில் ஆலைக் கட்டிடம் கட்ட நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கு வேளாண் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். எங்கள் பூமிக்குப் பக்கத்தில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் போவதால் நீர்வளத் துறையிடமும் கேட்கச் சொன்னார்கள். நன்செய் என்றால் இன்னும் கடினம், ஆட்சியர் அளவுக்குப் போகும். வாங்கப்போகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. பட்டா, அ பதிவேடு (கிராமத்து நிலக் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று நான்கையும் மேஜைமேல் பரப்பி வைத்துப் பாருங்கள். நான்கிலும் புல எண்ணும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் பாதை. கொப்பரை லாரி வருவது இட்டேரி வழியாகத்தான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது பாதை. வரைபடத்தில் அது பாதையா, எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. எனக்கு நல்ல நேரம், பாதை என்றே இருந்தது.

2023 பிப்ரவரி 12, மதியம்

"சிட்கோ தொழிற்பேட்டையில் மனை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே" என்று ஒருவர் இந்த இழையில் கேட்கிறார். உண்மைதான். நிலப் பிரச்சினை மொத்தமும் போய்விடும். ஆனால் கொப்பரைக்குக் களம் வேண்டும். வெயிலில் காய வைக்க எனக்கு முக்கால் ஏக்கர் களம். தொழிற்பேட்டை மனை விலையில் முக்கால் ஏக்கரைத் தேங்காய் காயப்போட யாரும் வாங்க மாட்டார்கள். காய்ந்த கொப்பரையை வெளியே வாங்கி ஆட்டுகிறவர் என்றால் தாராளமாகப் பேட்டைக்குப் போகலாம்.

2023 பிப்ரவரி 19

மாசு கட்டுப்பாட்டு வாரியம். எண்ணெய் ஆலையில் என்ன மாசு என்று நானும் கேட்டேன்.

2016-இல் மத்திய வாரியம் எல்லாத் தொழில்களுக்கும் மதிப்பெண் போட்டது. தண்ணீருக்கு 40, காற்றுக்கு 40, அபாயக் கழிவுக்கு 20. மொத்தம் 60-ம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20 வரை வெள்ளை. பள்ளிக்கூடத்தில் 60 எடுத்தால் பாஸ், இங்கே 60 எடுத்தால் தொலைந்தோம். ரீஃபைனிங் இல்லாமல் ஆட்டி மட்டும் எடுக்கிற எண்ணெய் ஆலை அந்தப் பட்டியலில் பச்சையில் இருந்தது. வெள்ளை என்றால் தகவல் கொடுத்தால் போதும். பச்சை என்றால் 1974-ஆம் வருடத்து நீர்ச் சட்டம், 1981-ஆம் வருடத்து காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் இசைவாணை வாங்க வேண்டும்.

அந்த இசைவாணை இரண்டு கட்டம். நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. நிறுவுவதற்கானதை மண்ணைத் தோண்டும் முன்பே வாங்க வேண்டும். நான் ஷெட்டை முடித்து, தகரம் போட்டு, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயும் கட்டிய பிறகு விண்ணப்பித்தேன். பார்வைக்கு வந்த பொறியாளர் பூசணிக்காயை அண்ணாந்து பார்த்தார். "நிறுவ இசைவு கேட்டிருக்கிறீர்கள், நிறுவியே விட்டீர்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விளக்கக் கடிதம் எழுதி, திரும்ப விண்ணப்பித்து, அதில் போனது ஐந்து மாதம். தவறு முழுக்க என்னுடையது.

கட்டணம் உங்கள் மொத்த நிலையான சொத்து மதிப்பை வைத்து. நிலம், கட்டிடம், இயந்திரம் எல்லாம் சேர்த்து ஆடிட்டர் சான்று கொடுக்க வேண்டும். வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் ஒரு தொகை, இங்கே குறைத்து ஒரு தொகை என்று எழுதாதீர்கள். இரண்டு தாளும் ஒருநாள் ஒரே மேஜைக்கு வரும்.

2023 பிப்ரவரி 20

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "பட்டியலை நம்பாதீர்கள், தென்னை நார் ஆலைகள் வெள்ளையில் இருந்தன, 2021-இல் ஆரஞ்சுக்குத் தள்ளினார்கள்." சரிதான். தேங்காயின் உள்ளே இருப்பதை ஆட்டுகிற நான் பச்சை, வெளியே இருக்கும் மட்டையை உரிக்கிற அவர் ஆரஞ்சு. நார்க் கழிவிலிருந்து இறங்கும் தண்ணீர் கிணற்றைச் சிவக்க வைப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதனால் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பிக்கிற அன்று எந்தப் பட்டியல் நடப்பில் இருக்கிறதோ அதைப் பாருங்கள். நான் மேலே எழுதியதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

2023 மார்ச் 2

கேள்வி கேட்டவர் "ஃபேக்டரி லைசென்ஸ்" என்றாரே, அது இதுதான். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம். மின்சாரம் வைத்து இயந்திரம் ஓடினால் 10 தொழிலாளர், மின்சாரம் இல்லாமல் என்றால் 20. அந்த எண்ணைத் தொட்டால் நீங்கள் தொழிற்சாலை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் முதலில் கட்டிட வரைபடத்துக்கு ஒப்புதல், பிறகு உரிமம். கட்டணம் ஹெச்.பி.யும் (இயந்திரங்களின் குதிரைத் திறன்) ஆட்களின் எண்ணிக்கையும் சேர்ந்து.

நான் ஏழு பேர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எக்ஸ்பெல்லரில் இரண்டு, கட்டரில் ஒன்று, ஃபில்டரில் ஒன்று, பேக்கிங்கில் மூன்று பெண்கள். சட்டம் என்ன சொல்கிறது என்றால், கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் வேலை செய்திருந்தாலும் அது தொழிற்சாலைதான். கான்டிராக்டில் வந்தவரும் கணக்கு. தேங்காய் உடைக்கும் நாளில் என் களத்தில் எத்தனை பேர்? பதினாறு. உடைக்கிறவர், தோண்டுகிறவர், காயப்போடுகிறவர். அவர்கள் கூலிக்கு வந்து போகிறவர்கள், என் ஆட்கள் இல்லை என்று நான் விளக்கியபோது ஆய்வாளர் களத்தை விரலால் எண்ணிக் காட்டினார்.

2023 மார்ச் 3

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. பத்துக்குக் கீழே இருந்தாலும் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. அதே சட்டத்தின் 85-ஆவது பிரிவில், ஆள் குறைவான இடங்களையும் தொழிற்சாலையாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் தொழில் அப்படி அறிவித்ததில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பத்தைத் தொட்டால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடும் சேர்ந்து வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. பி.எஃப். இருபது பேரைத் தொட்டால். "ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் ஏராளம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் கட்டரில் ஒரு பையனுக்கு விரல் நுனி போனது. மருத்துவச் செலவு, மூன்று மாதச் சம்பளம், எல்லாம் என் கையிலிருந்து. பணம் போனதைவிட, அந்தப் பையனின் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டருக்குக் காப்புத் தகடு போட வேண்டும் என்று வரைபட ஒப்புதலின்போதே எழுதியிருந்தார்கள். போட்டிருந்தேன். சுத்தம் செய்யக் கழற்றிவிட்டுத் திருப்பி மாட்டவில்லை.

அந்த மாதமே எல்லோரையும் இ.எஸ்.ஐ.யில் சேர்த்தேன்.

2023 மார்ச் 5

ஒருவர் சட்டப் புத்தகத்தோடு வந்திருக்கிறார். வரைபடம் அனுப்பி மூன்று மாதத்துக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகவே கருத வேண்டும், தொழிற்சாலைகள் சட்டம் 6-ஆவது பிரிவு என்கிறார். சரி அண்ணா, அப்படித்தான் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பிய ரசீது கையில் இருக்க வேண்டும். அந்த ரசீதை வங்கி மேனேஜரிடம் காட்டி "இதுதான் என் ஒப்புதல்" என்று சொல்லிப் பாருங்கள். கடைசித் தவணைக் கடன் வெளியே வர அவருக்கு முத்திரை வைத்த தாள் வேண்டும்.

2023 மார்ச் 26

கரண்டு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தோட்டத்துக் கிணற்றுக்கு இலவச மின் இணைப்பு உண்டு. எக்ஸ்பெல்லர் வந்து இறங்கியது, தொழில் இணைப்பு இன்னும் வரவில்லை. அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம், கிணற்று லைனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னார். வயரைக்கூட இழுத்துவிட்டோம். அப்பாதான் வந்து மெயினைப் பிடுங்கினார். "உங்க தாத்தன் கிணத்துக்கு வாங்குன கரண்டுடா இது" என்றார். அவர் சொன்னது தாத்தாவுக்காக. மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவு சொல்வது வேறு: அனுமதித்ததற்கு மாறாக உபயோகித்தால் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு, எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. அப்பாவுக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது.

இரண்டு எக்ஸ்பெல்லர் தலா 20 ஹெச்.பி., கட்டர் 10, கன்வேயர், ஃபில்டர், மோட்டார் எல்லாம் கூட்டினால் 62 ஹெச்.பி. ஒரு ஹெச்.பி. என்பது 0.746 கிலோவாட், அதாவது எனக்குச் சுமார் 46. தாழ்வழுத்த இணைப்புக்கு அப்போது 112 கிலோவாட் வரை இடம் இருந்தது. அதற்கு மேல் போனால் உயரழுத்தம், சொந்த டிரான்ஸ்ஃபார்மர், கதையே வேறு. பேராசைப்பட்டு ஏழெட்டு எக்ஸ்பெல்லருக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்துப் போடுங்கள்.

2023 ஏப்ரல் 9

62 ஹெச்.பி. என்று எழுதினேன் அல்லவா, அதைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

ஊராட்சியிலும் அனுமதி வேண்டும். மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தை நிறுவ 1994-ஆம் வருடத்து ஊராட்சிகள் சட்டப்படி. அங்கே கொடுத்த விண்ணப்பத்தில் நான் எழுதியது 45 ஹெச்.பி. அப்போது ஒரு எக்ஸ்பெல்லர்தான் வாங்குவதாக இருந்தேன். மின் இணைப்புக்கு 62. தொழிற்சாலை வரைபடத்தில் 60, வரைந்தவர் முழு எண்ணாக்கிவிட்டார். மாசு வாரியத்தில் இயந்திரப் பட்டியலில் ஒரு கன்வேயர் விட்டுப்போய் 59. நான்கு அலுவலகம், நான்கு எண். ஒவ்வொருவரும் மற்றவருடைய தாளை இணைக்கச் சொல்வார்கள். இணைத்தபோதுதான் தெரிந்தது என் ஆலை நான்கு ஆலையாக இருப்பது.

பெயரும் அப்படித்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் முழுசாக, பட்டாவில் "கவுண்டர்" என்ற ஒட்டோடு. மூன்றும் நான்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். என்னையே எனக்குச் சாட்சி சொல்ல வைத்தார்கள்.

இப்போது ஆலைச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறேன். புல எண், பரப்பு, கட்டிட அளவு, ஹெச்.பி., ஆட்கள், முதலீடு, பெயர் எழுத்துக்கூட்டல். எந்த விண்ணப்பம் நிரப்பினாலும் சிலேட்டைப் பார்த்துத்தான். இந்த இழையில் நான் எழுதியதிலேயே உருப்படியானது இதுவாகத்தான் இருக்கும்.

2023 ஏப்ரல் 10

"ஒற்றைச் சாளரத்தில் போட்டால் எல்லாம் ஒரே இடத்தில் ஆகிவிடுமே?" போடுங்கள், நல்லதுதான். 2018-இல் அதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது, சிறு தொழிலுக்கு மாவட்டத் தொழில் மையம் வழி. அலைச்சல் குறையும், விண்ணப்பம் எந்த மேஜையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஜன்னல் ஒன்று என்றாலும் உள்ளே இருக்கும் மேஜைகள் அதே மேஜைகள். கூட்டுப் பட்டாவை அந்த ஜன்னல் பிரித்துக் கொடுக்காது.

2023 ஜூன் 18

ஏஜென்ட் கதை பலர் கேட்டுவிட்டார்கள்.

"எல்லா லைசென்ஸும் சேர்த்து" என்று ஒரு தொகை பேசி ஒருவரிடம் கொடுத்தேன். யார், எந்த ஊர் என்பது வேண்டாம். அவர் ஒரே வாரத்தில் இரண்டு தாள் கொண்டுவந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். முதலாவது உத்யம், சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. 2020 ஜூலையிலிருந்து இருப்பது, ஆதார் இருந்தால் யாரும் வீட்டில் உட்கார்ந்து செய்யலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. அதற்கு என்னிடம் வாங்கியது 4,500.

இரண்டாவது உணவுப் பாதுகாப்பு. இதுதான் நான் முதலில் வாங்கி வீணாக்கிய தாள். அப்போது வருட விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமம். எண்ணெய் ஆலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு நாளைக்கு 2 டன்னுக்கு மேல் திறன் என்றால் மத்திய உரிமம். அவர் எனக்கு எடுத்துக் கொடுத்தது 100 ரூபாய்ப் பதிவு. அதிலும் தொழில் வகை "மறு பேக்கிங்". ஆட்டவே இல்லை, வாங்கி ஊற்றி விற்கிறேன் என்று அர்த்தம்.

அந்த 14 இலக்க எண்ணை நம்பி கவர் ரோல் அச்சடித்தேன், 120 கிலோ. பதிவு என்றால் எண் 2-இல் தொடங்கும், உரிமம் என்றால் 1-இல். இது தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "என்னங்க, ஆலைக்காரர்னு சொல்றீங்க, நம்பர் ரெண்டுல ஆரம்பிக்குது" என்றார். திரும்பவும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, வரைபடம், இயந்திரப் பட்டியல் எல்லாம் கொடுத்து உற்பத்தியாளர் உரிமம் வாங்கினேன். 120 கிலோ ரோலில் என் அம்மா இன்றுவரை மிளகாய் வற்றல் கட்டி வைக்கிறார். சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் புளி போவதும் அதில்தான். எங்கள் பிராண்டு புளி என்று கேலி செய்கிறார்கள்.

2023 ஜூன் 19

கவர் என்றதும் நினைவு வந்தது. எடை அளவைக்கு இரண்டு வேலை. தராசுக்கு முத்திரை, அது தொழிலாளர் துறை ஆய்வாளரிடம். பாக்கெட் போடுகிறவராகப் பதிவு, 500 ரூபாய், தொடங்கி 90 நாளுக்குள். எண்ணெய் பாக்கெட்டில் மில்லியோடு கிராமும் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். "ஒரு லிட்டர்னு சொல்லி 90 கிராம் குறைக்கறீங்களே" என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்கள் உண்டு. தண்ணீர் வேறு, எண்ணெய் வேறு என்று கடை வாசலில் நின்று எட்டாம் வகுப்பு அறிவியல் எடுத்தேன்.

2023 ஜூலை 2

மானியம் பற்றிக் கேட்டவருக்கு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்துக்கு 25 முதல் 35 சதவீதம் உண்டு. புதிய தொழிலுக்கு மட்டும். நான் போய் நின்றபோது ஷெட் இருந்தது, இயந்திரம் இருந்தது, பில் என் பெயரில் இருந்தது. ஏற்கெனவே தொடங்கியவர் என்றார்கள். இயந்திரம் விலை ஏறப்போகிறது என்று கோயம்புத்தூர் வியாபாரி சொன்னதைக் கேட்டு முன்கூட்டியே வாங்கினேன். விலை ஏறவும் இல்லை.

2023 அக்டோபர் 23

ஆயுத பூஜை. பதின்மூன்று தாளையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் பேக்கிங் அக்கா. தீயணைப்புத் துறைச் சான்றில் முடிவுத் தேதி மேலேயே குங்குமம். வைத்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன், புதுப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது. அம்மன் காட்டிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

2023 அக்டோபர் 24

ஆடிட்டர் ஒருவர் திருத்துகிறார்: பதின்மூன்றில் உத்யமும் ஜி.எஸ்.டி.யும் லைசென்ஸே இல்லை, பதிவு. ஆகப் பதினொன்று. சரி, பதினொன்று. மாட்டிய சட்டத்தைக் கழற்றப்போவதில்லை.

2024 மே 31

இன்று மாலை மூன்று மணிக்கு ஞாபகம் வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆண்டுக் கணக்கு, மே 31-க்குள் போட வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பிண்ணாக்குக் கணக்கு நோட்டையும் சேர்த்து எடுத்துவந்து ஆறு மணிக்குப் போட்டு முடித்தேன். உரிமம் வாங்குவதைப் பற்றி இத்தனை எழுதினேன், வாங்கியதைக் காப்பாற்றுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாள்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். கோயில் நோன்பு தேதியை மறக்காத நாம் இதை மறக்கிறோம்.

2024 டிசம்பர் 19

நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சின்ன பாக்கெட்டில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்பது பதினைந்து வருடத்துக்கும் மேலான வழக்கு. 2018-இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இப்போது மூன்று பேர் அமர்வு சமையல் எண்ணெய்தான் என்று சொல்லிவிட்டது. தலைக்கு என்று லேபிளில் போட்டு விற்றால் ஒழிய.

வரி விவகாரம்தானே, லைசென்ஸ் இழையில் எதற்கு என்று கேட்காதீர்கள். என் பாக்கெட்டில் கூந்தல் படம் போடலாம், நன்றாக விற்கும் என்று அச்சகத்தார் யோசனை சொன்னார். போட்டிருந்தால் அது அழகுசாதனப் பொருள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தனி உற்பத்தி உரிமம். அதே டிரம், அதே எண்ணெய், அதே குழாய். படத்தில் முடி இருந்தால் ஒரு துறை, தோசை இருந்தால் இன்னொரு துறை. ஜி.எஸ்.டி.யும் முடிக்கு 18, தோசைக்கு 5. நான் தோசை போட்டேன்.

2025 செப்டம்பர் 23

முடிக்கு 18, தோசைக்கு 5 என்று மேலே எழுதியதில் பாதி நேற்றோடு செல்லாது. 22-ஆம் தேதியிலிருந்து தலைமுடி எண்ணெய்க்கும் 5 சதவீதம்தான். வரி ஒன்றாகிவிட்டது, உரிமம் இன்னும் இரண்டுதான். வரி குறைந்ததைப் பார்த்துக் கூந்தல் படத்துக்குத் தாவுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

2025 நவம்பர் 30

2023 மார்ச்சில் நான் எழுதிய "பத்துப் பேர்" கணக்கைத் திருத்த வேண்டிய நாள் வந்துவிட்டது. நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடப்புக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. புதிய தொகுப்பில் மின்சாரம் உள்ள ஆலைக்கு 20 பேர், இல்லாததற்கு 40. மாறும் காலத்துக்குப் பழைய விதிகளே தொடரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நாளைக்கே சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

"பத்தொன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று யோசனை வர ஆரம்பித்துவிட்டது. கட்டருக்குக் காப்புத் தகடு மாட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மாட்டியிருக்கிறது.

2025 டிசம்பர் 14

இந்த இழையைத் தொடங்கிய தம்பி இரண்டே முக்கால் வருடம் கழித்து வந்திருக்கிறார். இடம் பார்த்துவிட்டாராம், ஒரு ஏக்கர் இருபது சென்ட், தனிப்பட்டா, வாய்க்கால் இல்லை, நல்ல விலை. புலப்படத்தின் படமும் போட்டிருக்கிறார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ரோட்டிலிருந்து உங்கள் பூமிக்கு வரும் அந்த இட்டேரி, தம்பி, படத்தில் பாதை என்று இல்லை, ஓடைப் புறம்போக்கு, அதாவது அரசின் ஓடை நிலம் என்று இருக்கிறது. விற்கிறவர் அதைச் சொன்னாரா? அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?